வாசலில் நின்ற பாட்டு

காலையில் எழுந்ததும், முகத்தில் தண்ணீர் படுவதற்கு முன்னால், தெக்லா செய்கிற முதல் வேலை உப்பு ரசாயனக் கம்பெனியின் வாசல் வரைக்கும் நடந்துபோய், தன் புருஷன் கஸ்பார் அங்கே பாடிவிட்டு வந்த பாட்டு இன்னும் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வருவது. பார்ப்பது என்று சொன்னாலும் அது காதால் செய்கிற காரியம்தான். பெரிய இரும்புக் கதவுக்கு எதிரே, வாட்ச்மேன் கூண்டுக்கும் வேலிக்கருவைப் புதருக்கும் நடுவில், ஒரு கட்டில் போடுகிற அளவுக்கு இடம். அதற்குள் காலை வைத்தால் கஸ்பாரின் குரல் கேட்கும், காலை வெளியே எடுத்தால் கேட்காது. வெயிலடித்தாலும் மழையடித்தாலும், லாரி போனாலும் வந்தாலும், பாட்டு அந்த இடத்தை விட்டு நகராமல், முடிந்த கையோடு மறுபடி தொடங்கி, முதல் அடியை விட்டுவிட்டு அடுத்த அடியில் பாதத்தை ஊன்றுகிற அந்த நொண்டி நடையில் ஓயாமல் போய்க்கொண்டே இருக்கும்.

காலையிலே போனான் தொம்மை, கையிலே தூக்குச்சட்டி,
வாசலே, நீ பார்த்தே, வாசலே, நீ பார்த்தே.
உள்ளே போன காலு ரெண்டும் வெளியே வரலையே,
வாசலே, வாய் திற, வாசலே, வாய் திற.

தொம்மை தெக்லாவின் தம்பி. காண்டிராக்ட் கூலியாக அந்தக் கதவுக்குள் போனவன் திரும்பி வரவில்லை. அவன் அன்றைக்கு வேலைக்கே வரவில்லை என்றது கம்பெனி. தோணி ஏறிக் கொழும்புக்குப் போயிருப்பான், எவளையாவது கூட்டிக்கொண்டு ஓடியிருப்பான், இளவட்டம்தானே என்றது போலீஸ். தெக்லாவோ அவனுக்குச் சோறு கட்டிக் கொடுத்து, பேசிக்கொண்டே கூட நடந்து வந்து, அவன் கதவுக்குள் போய்த் திரும்பிக் கை காட்டியதைத் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தவள். "கூடப் பொறந்தவ சொன்னா அது சாட்சியாம்மா?" என்று கேட்டுவிட்டார் இன்ஸ்பெக்டர். கூட வேலை பார்த்தவர்கள் வாயைத் தைத்துக்கொண்டார்கள். ஆனால் டீக்கடையில், குனிந்த தலை நிமிராமல், உதடு அசையாமல் அவர்கள் சொல்லிக்கொண்டது ஊருக்கே தெரியும்: மூணாம் டேங்க். உள்ளே கசடு சுரண்ட இறக்கினார்கள், கேஸ் அடித்தது, கயிறு மட்டும் மேலே வந்தது, மத்தியானத்துக்குள் மூடியை வெல்டிங் வைத்தார்கள், சாயங்காலம் பச்சை பெயிண்ட் அடித்தார்கள்.

உடல் இல்லாமல் அடக்கம் இல்லை, அடக்கம் இல்லாமல் அழுகையும் முடியாது. தெக்லாவுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான், தம்பியின் உடல். அவன் உள்ளே போனான் என்று சொல்ல இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது அந்தப் பாட்டு ஒன்றுதான், அதனால்தான் தினமும் அந்த நடை.

பாட்டு எப்படி ஓர் இடத்தில் நிற்கும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. இந்தச் சிப்பிக்கரை ஊருக்குள் யாரும் கேட்டதில்லை. மழை ஏன் மேலிருந்து கீழே விழுகிறது என்று கேட்டுக்கொண்டா இருக்கிறோம்? கஸ்பார் வாலிபத்தில் சரக்குக் கப்பலில் சமையல் எடுபிடியாகப் போனவர். எஞ்சின் பழுதாகி, ஏதோ ஒரு பெயர் தெரியாத துறைமுகத்தில் அந்தக் கப்பல் மாசக்கணக்கில் நங்கூரம் போட்டுக் கிடந்தபோது, எஞ்சினுக்கு எண்ணெய் விடுகிற எரல் என்ற ஜமைக்காக்காரர் கஸ்பாரின் கருவாட்டுக் குழம்புக்கு அடிமையாகி, குழம்புக்குப் பதில் கேசட்டாகக் கொடுத்தார். அந்தக் கேசட்டுகளில் இருந்ததுதான் ரெகே. தாளத்தில் பலமான அடி விழ வேண்டிய இடத்தில் ஒன்றுமே விழாமல், கேட்கிறவன் நெஞ்சு பதறிப்போய்த் தானே அந்த அடியைப் போட்டுக்கொள்ளும்படி செய்கிற சங்கீதம். ஊர் திரும்பும்போது கஸ்பாருக்குத் தோள் வரைக்கும் சடை. வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ச்சை போட்டிருக்கிறான் போல என்று ஊர் தானாகவே முடிவு செய்து, எப்போது மொட்டை போடப் போகிறாய் என்று வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தது.

கோயில் பாடகர் குழுவில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த தெக்லாவை அவர் கல்யாணம் முடித்தார். முடித்த கையோடு அவளிடம் நாலு தடித்த கம்பி போட்ட பேஸ் கிட்டாரைக் கொடுத்து, "ஏட்டி, இதுல அவசரப்படக்கூடாது, பொறுத்துப் பொறுத்து வாசிக்கணும்" என்றார். உங்களோடு குடும்பம் நடத்துகிறவளுக்கு அதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டுமா என்றாள் அவள்.

முதல் பாட்டைத் திருவிழா அன்று மீன் ஏலக்கூடத்தில் பாடினார்கள். கஸ்பார் அதை எழுதியதும் மெட்டுப் போட்டதும் வலை காயப்போடுகிற மணலில் உட்கார்ந்து. ஊரே ஆடியது, பாட்டு முடிந்தது, எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் விடியக்காலம் ஏலம் போட வந்தவர்களுக்குக் கூடத்தின் நடுவில் கஸ்பாரின் குரல் தன்பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது. யாரும் பயப்படவில்லை. மீன் கூடைகளைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்கள், அவ்வளவுதான். ஏலக்காரர் மட்டும் கஸ்பாரை வழியில் மறித்து, "ஏ கஸ்பாரு, பாட்டு நல்லாத்தான்ல இருக்கு, ஆனா ஒரு தரம், ரெண்டு தரம்னு சொல்லிட்டு மூணாந் தரத்துக்கு வாயெடுத்தா நாக்கு நின்னுபோவுது. அந்த எடத்துல உன் தாளம் பள்ளமாட்டு கெடக்கு" என்று முறையிட்டார். அந்தப் பள்ளத்தில் ஏலம் தொங்கி நிற்க, வியாபாரிகள் பதறி விலையை ஏற்றிக் கேட்க, மீன்பிடிக்கிறவர்களுக்குக் கொண்டாட்டம். பாட்டை அங்கேயே வைத்துக்கொள்வது என்று ஊர்க்கூட்டத்தில் ஒருமனதாக முடிவானது.

அதற்கப்புறம் பாட்டுகள் ஊரில் குடியேறின. பேருந்து நிலையத்தில் நின்ற பாட்டு வராத பேருந்தைப் பற்றியது, அதைக் கேட்டபடி நின்றவர்களுக்குப் பேருந்து வராதது பெரிதாகத் தெரியவில்லை, பேருந்தும் அதைத் தெரிந்துகொண்டதுபோல இன்னும் தாமதமாக வந்தது. ரேஷன் கடை வரிசை ஒரு பாட்டுக்குள் நுழைந்து வெளியே போனதால், அந்தக் கொஞ்ச தூரம் மட்டும் சண்டை இல்லாமல் அசைந்து அசைந்து நகர்ந்தது. மீன்வாடி மூலையில் நின்ற காதல் பாட்டுக்குப் பக்கத்தில் வீடு வாடகைக்குக் கிடைக்காது என்றும், கிடைத்தால் கல்யாணமாகாத பெண்பிள்ளை இருக்கிற குடும்பம் அங்கே போகக்கூடாது என்றும் ஊரில் இரண்டு கட்சி இருந்தது. சாவு ஊர்வலங்கள் பாட்டு இல்லாத தெருவாகப் பார்த்துச் சுற்றிப் போயின. பங்குச் சாமியார் கஸ்பாரைக் கூப்பிட்டு, "கோயிலுக்குள்ள மட்டும் வேண்டாம்ப்பா. பலிபீடத்துல நான் ஆடிட்டேன்னா பிஷப்புக்கு என்னால பதில் சொல்ல முடியாது" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு தடவை பாடிய பாட்டைக் கஸ்பாரால் மறுபடி பாட முடியாது. வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வரும். பாட்டு வெளியே போய் ஓர் இடத்தில் நின்றுகொண்டதே, பிறகு எப்படி உள்ளே இருக்கும்? சென்னையில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தார் ஆசையாகக் கூப்பிட்டார்கள். ஓடிய டேப் எல்லாம் காலி, தெக்லாவின் பேஸ் மட்டும் தனியாக உறுமிக்கொண்டிருந்தது, பாட்டு கண்ணாடி அறைக்குள் மைக்குக்கு முன்னால் நின்றுவிட்டது. அதற்கப்புறம் அந்த அறையில் யார் வந்து எதைப் பாடினாலும் பின்னால் கஸ்பார் பாடிக்கொண்டிருந்தார். ரயிலில் வரும்போது வாய் சும்மா இருக்காமல் ஒன்றைப் பாடித் தொலைத்தார். அது பெட்டியோடு ஒட்டிக்கொண்டது, அந்தப் பெட்டி இப்போது எந்தத் தடத்தில் ஓடுகிறது என்று ரயில்வேக்காரர்களுக்கே தெரியாது. இப்படியாக, விற்பதற்கு ஒரு கேசட்டும் இல்லாமலே கஸ்பார் பெரிய பாடகரானார். கொழும்பிலும் கோவாவிலும் பெங்களூரிலும் மேடை ஏறி, ஏறிய இடமெல்லாம் ஒரு பாட்டை விட்டுவிட்டு, வெறும் தொண்டையோடு வீட்டுக்கு வந்து அடுத்ததை எழுத உட்காருவார். நின்ற பாட்டுகளைக் கேட்க வேன் பிடித்துக் கூட்டம் வந்தது. தெக்லாவுக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. நிற்பது அவர் குரல் மட்டும்தான். அவள் விரல் வாசித்ததெல்லாம் அப்போதைக்கு அப்போதே காற்றோடு போய்விடும்.

வீட்டுக்குள் பாடக்கூடாது என்பது அவள் போட்ட சட்டம். ஒரே ஒரு தடவை சட்டம் மீறப்பட்டது. அவள் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது மருமகனிடம் ஒரு பாட்டுக் கேட்டாள். பாடினார். பாட்டு கட்டிலுக்கு மேலேயே ராவும் பகலும் நின்றது. கடைசியில் கிழவி, "மாப்ளே, நல்லாத்தான் இருக்கு, ஆனா கண்ணசர விடமாட்டேங்குதே" என்று அழுதுவிட்டாள். கஸ்பார் கட்டிலில் குனிந்து, கடைசி வரியிலிருந்து முதல் வரி வரை அந்தப் பாட்டை மூச்சோடு உள்ளே இழுத்துக்கொண்டார். பாட்டைத் திரும்ப எடுக்க முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆனால் திரும்பி வந்த பாட்டு தொண்டையில் முள்ளாக நின்றது, சோறு இறங்கவில்லை. படகெடுத்து நடுக்கடலுக்குப் போய் அதைப் பாடி இறக்கிவிட்டு வந்தார். வந்தவருக்குக் குரலில் பாதி இல்லை. "இன்னொரு தரம் இப்படிச் செஞ்சேன்னா மிச்சமும் போயிரும்ட்டி" என்றார். பக்கத்து வீட்டாருக்கும் இது தெரியும், பக்கத்து வீட்டாருக்குத் தெரிந்தது ஊருக்குத் தெரியும்.

அந்தப் பாதிக் குரலில்தான் தொம்மைக்காகக் கம்பெனி வாசலில் பாடினார். மைத்துனன் என்று பெயரே தவிர, கஸ்பாருக்கு அவன் தூக்கி வளர்த்த பிள்ளை. மேடை இல்லை, கூட்டம் இல்லை. தெக்லா பேஸை வீட்டில் வைத்துவிட்டு வெறுங்கையோடு பக்கத்தில் நின்றாள்.

கம்பெனி பாட்டுக்கு எதிராக என்னென்னவோ செய்து பார்த்தது. லாரிகளை அங்கே நிறுத்தி ஹாரன் அடிக்கச் சொன்னது, ஜெனரேட்டரைக் கொண்டுவந்து வைத்தது, குறுக்கே சுவர் எழுப்பியது. சுவருக்குள்ளிருந்து பாட்டு கேட்டதில் மேஸ்திரியே பயந்துபோய் மறுநாள் இடித்துவிட்டான். வேலைக்குப் போகிறவர்கள் பாட்டைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். தாண்டுகிற அந்த நாலு எட்டில் எல்லார் காலும் ஒரே மாதிரி தயங்கித் தயங்கி விழும், 'வாசலே, வாய் திற' என்ற வரி வரும்போது அன்றைக்கு மூணாம் டேங்க் பக்கம் நின்றவர்கள் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொள்வார்கள். சிலர் அதைக் கேட்க மாட்டாமல் பின்பக்க வேலியில் ஏறிக் குதித்து வேலைக்குப் போனார்கள். இப்படியும் ஒரு ஊரில் வேலைக்குப் போவார்களா என்றால், போனார்கள். அதுவும் பழகிவிட்டது.

தெக்லா விடவில்லை. கலெக்டர் ஆபீஸ் வாசலிலும் கோர்ட் வாசலிலும் காத்துக் கிடந்து, கடைசியில் ஒரு விசாரணை அதிகாரியைப் போட வைத்தாள். நரைத்த தலையும் தடித்த கண்ணாடியுமாக இருந்த அந்த அம்மாள் தெக்லா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "பாட்டை டேப்பில் பதிய முடியாது என்கிறீர்கள். சரி, வருகிற செவ்வாய்க்கிழமை நானே நேரில் வந்து என் காதால் கேட்கிறேன். கேட்டால், அவன் உள்ளே போனதற்கு அது சாட்சி. அதன்பேரில் உள்ளே எதை வேண்டுமானாலும் திறந்து பார்க்கச் சொல்வேன். கேட்காவிட்டால், என்னால் கதவுக்கு வெளியே நின்று எதுவும் செய்ய முடியாது" என்றார்.

திங்கட்கிழமை காலை டீக்கடையில் உட்கார்ந்திருந்த கஸ்பாரைப் போலீஸ் ஜீப் ஏற்றிக்கொண்டு போனது. மத்தியானம் திரும்பி வந்தார். கூடவே ஒரு கான்ஸ்டபிளும் கம்பெனியின் தொழிலாளர் நல அதிகாரி சுந்தரவரதனும் வந்தார்கள். கான்ஸ்டபிள் பாதுகாப்புக்கு என்று சொல்லி முன்னறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டான். சுந்தரவரதன் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு வந்தவர் போலச் சிரித்தார்.

"அண்ணன் பெரிய மனசு பண்ணியிருக்காரும்மா. நாளைக்குக் காலையில, அந்த அம்மா வர்றதுக்கு முன்னாடி, பாட்டை எடுத்துடறேன்னுட்டார். வீணா எதுக்கு வழக்கும் வம்பும்? அவனோட வேலை பார்த்த பசங்க பேரெல்லாம் ஸ்டேஷன்ல இருக்கு. அவங்களும் பிள்ளைகுட்டிக்காரங்க."

தெக்லா கஸ்பாரைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெசமாவா சொல்லுதாரு?" என்றாள்.

"ஆமா."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

அவர் பார்க்கவில்லை. "எடுத்துருதேன்ட்டி. எடுத்தாத்தான் எல்லாத்துக்கும் நல்லது" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அவரை 'நீங்க' என்றே கூப்பிட்டவள் அப்போது, கான்ஸ்டபிள் நாற்காலியை விட்டு எழுந்து நிற்கும்படியான குரலில், "நீ மனுசனா? அவன் உன்னை அத்தான் அத்தான்னு வாய் நெறையக் கூப்டவன்ல! அவன் உள்ள போனதுக்கு இருக்கது அது ஒண்ணுதான். அதையும் முழுங்கப் போறியா? முழுங்கிட்டு வந்து என் கையால சோறு தின்னுருவியா?" என்று கத்தினாள். சுந்தரவரதன் செருப்பைத் தேடினார். அவள் பேஸ் கிட்டாரைத் தூக்கிப் பரணில் எறிந்துவிட்டு, கதவை அடைத்துக்கொண்டு, அழக்கூட முடியாமல் உட்கார்ந்திருந்தாள். நாற்காலிக்காரன் இரவெல்லாம் முன்னறையில் இருந்தான்.

செவ்வாய்க்கிழமை காலை கம்பெனி வாசலுக்கு ஊரே வந்திருந்தது. சண்டை போட வந்தவர்கள் இல்லை, ஒரு சாவைப் பார்க்க வந்தவர்கள் போல ஒதுங்கி நின்றார்கள். கஸ்பார் போலீஸ்காரர்கள் நடுவில் நடந்து வந்தார். சடையை வெள்ளைத் துண்டால் கட்டியிருந்தார். "பாட்டை விக்க வந்துட்டான் பாரு" என்று யாரோ சொன்னார்கள். ஏலக்காரர் காறித் துப்பினார். தெக்லா கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்ப் பாட்டு நிற்கிற இடத்தில் கையை விரித்து மறித்தாள், இரண்டு பெண் போலீஸ் அவளை இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள்.

கஸ்பார் அந்த இடத்துக்குள் போய்க் குனிந்தார். கடைசி வரியிலிருந்து ஆரம்பித்தார். வாய் திற, வாசலே என்று சொற்கள் பின்னோக்கி அவர் வாய்க்குள் போய் அடங்க அடங்க, கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் வழிந்தது, மூச்சை விடாமல் இழுத்துக்கொண்டே போனார். தூக்குச்சட்டி போயிற்று, கை போயிற்று, தொம்மை என்ற பெயர் போயிற்று, கடைசியாகக் காலை என்ற சொல்லும் போயிற்று. அவர் வாயை மூடிக்கொண்டு நிமிர்ந்தார். தெக்லா பிடியை உதறிக்கொண்டு அந்த இடத்துக்குள் ஓடி நின்றாள். ஒன்றுமில்லை. வேலிக்கருவையில் காற்று அடிக்கிற சத்தம் மட்டும்தான். தம்பி இரண்டாம் தடவை செத்துப்போனான் என்று நினைத்தாள். மண்ணை வாரி அவர்மேல் எறிந்தாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை.

சற்று நேரத்தில் விசாரணை அதிகாரியின் ஜீப் வந்தது. அந்த அம்மாள் இறங்கி, காட்டிய இடத்தில் போய் நின்று, கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு தெக்லாவைப் பார்த்து மெதுவாகத் தலையாட்டினார். அதில் இரக்கம் இருந்தது, ஆனால் இரக்கத்தை வைத்துக்கொண்டு எந்த மூடியைத் திறப்பது?

இத்தோடு விட்டிருந்தால் கம்பெனி ஜெயித்திருக்கும். ஆனால் நம் ஊரில் ஒருவன் நமக்குச் சாதகமாக ஒரு காரியம் செய்துவிட்டால் அவனைப் பொன்னாடை போர்த்தாமல் அனுப்ப முடியுமா? அதுவும் ஒரு அதிகாரி வந்திருக்கும்போது, பாடியவனே பாட்டை வாபஸ் வாங்கி நம் பக்கம் வந்துவிட்டான் என்று காட்டக் கிடைத்த சந்தர்ப்பத்தை விட முடியுமா? சுந்தரவரதன் முந்தின நாளே, ஸ்டேஷனில் கஸ்பார் காதுபடவே, பந்தலுக்குச் சொல்லியிருந்தார். பந்தல்காரன் வந்து பார்த்தபோது, வளாகத்தில் மரம் ஒன்று கிடையாது, காலை வெயிலுக்கு நிழல் இருந்தது ஒரே இடத்தில்தான். புதுப் பச்சை பெயிண்ட் அடித்த மூணாம் டேங்கின் நிழல். அங்கேயே மேடையைப் போட்டு, குழாய் ஒலிபெருக்கியையும் கட்டிவிட்டான். பந்தல்காரனுக்கு எது எந்த டேங்க் என்று எப்படித் தெரியும்? தெரிந்தவர்கள் எவரும் வாயைத் திறக்கவில்லை.

தொம்மை போன நாளிலிருந்து அந்தக் குடும்பத்தில் ஒருவரையும் உள்ளே விடாத கதவு கஸ்பாருக்காகத் திறந்தது. அவர் உள்ளே போனார். அதிகாரியையும் மரியாதையாகக் கூட்டிப்போய் முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். கதவு மூடிக்கொண்டது. வெளியே நின்ற தெக்லாவுக்கு ஒலிபெருக்கியில் சுந்தரவரதனின் குரல் கேட்டது. மக்கள் கலைஞர், ரெகே மன்னர், நம் கம்பெனிக் குடும்பத்தில் ஒருவர் என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். கைதட்டல் கேட்டது. பொன்னாடை போர்த்தியாயிற்று போலிருக்கிறது. அவள் காதைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கையையும் மீறி அடுத்த வாக்கியம் கேட்டது. பொன்னாடை போர்த்தினால் அதற்கப்புறம் ஏற்புரை கேட்காமல் விடுகிற வழக்கமும் நம் ஊரில் கிடையாது.

"அண்ணன் இப்போ ஏற்புரையா ரெண்டு வார்த்தை பேசுவார்!"

மைக் கைமாறுகிற கரகரப்பு. நாற்காலி நகர்கிற சத்தம். "அண்ணே, கூட்டம் இந்தப் பக்கம், அங்க எதுக்குத் திரும்புறீங்க" என்று சுந்தரவரதன் சிரிக்கிற சத்தம். இரும்பில் ஏதோ மெதுவாக முட்டுகிற சத்தம், அது கஸ்பாரின் நெற்றி. பிறகு அந்தப் பாதிக் குரல், முதல் அடியை விட்டுவிட்டு, எல்லார் நெஞ்சையும் ஒரு கணம் பள்ளத்தில் தொங்கவிட்டு, எழும்பியது.

காலையிலே போனான் தொம்மை, கையிலே தூக்குச்சட்டி,
வாசலைக் கேட்டது போதும், வாசலைக் கேட்டது போதும்.
உள்ளே போன காலு ரெண்டும் எங்கேயும் போகலே,
இங்கதான் இருக்கான், இங்கதான் இருக்கான்.

தெக்லா காதிலிருந்து கையை எடுத்தாள். பெண் போலீஸ் இரண்டு பேரில் ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள். "மைக்கைப் பிடுங்கு, மைக்கைப் பிடுங்கு" என்று உள்ளே யாரோ அலற, பிடுங்கினார்கள், ஒலிபெருக்கி கீச்சிட்டுச் செத்தது. ஆனால் பாட்டு எப்போதோ டேங்குக்குள் இறங்கிவிட்டது. இருபதடி உயர இரும்புக்குள் அது திரும்பித் திரும்பி மோதிப் பெருத்து, பச்சை பெயிண்ட் அதிர, மேடையில் வைத்திருந்த சோடா பாட்டில்கள் அதிர, வாசல் கதவின் சங்கிலி அதிர, ஒலிபெருக்கி இல்லாமலே ஊருக்குக் கேட்டது. இங்கதான் இருக்கான். இங்கதான் இருக்கான். பின்பக்க வேலி ஏறிக் குதித்தவர்கள் எங்கெங்கோ நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவன் எழுந்து மேடைக்கு முன்னால் வந்து, அதிகாரியின் காலடியில் துண்டைப் போட்டு, "நான்தாம்மா கயிறு பிடிச்சேன்" என்றான்.

"அந்த மூடியைத் திறங்கள்" என்றார் அந்த அம்மாள்.

"மேடம், அது ரொம்ப நாளா உபயோகத்துல இல்லாத டேங்க்" என்றார் சுந்தரவரதன். அவர் பேச்சை அவராலேயே கேட்க முடியவில்லை.

வெல்டிங்கை வெட்டச் சாயங்காலம் வரைக்கும் ஆயிற்று. அத்தனை நேரமும் பாட்டு ஓயவில்லை, வெட்டுகிறவர்களின் கை கூட அதன் நடைக்குத்தான் போய் வந்தது. மூடி திறந்ததும் தெக்லாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவள் ஏணியில் ஏறினாள், பார்த்தாள். அக்காவுக்குத் தம்பியை அடையாளம் காட்ட முகம் வேண்டுமா என்ன? இறங்கி வந்து, "தொம்மைதான்" என்றாள். அதைச் சொன்ன பிறகுதான் அத்தனை மாதமாக வராத அழுகை வந்தது. ஊர்ப் பெண்கள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து அவளைச் சூழ்ந்து உட்கார்ந்து சத்தமாக, முறையாக, நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார்கள். கம்பெனி வளாகத்துக்குள்ளேயே சாவு வீடு கூடிவிட்டது.

கஸ்பார் டேங்குக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தார். பொன்னாடை தோளிலிருந்து சரிந்து கிடந்தது. காலையில் அவள் எறிந்த மண் நெற்றியிலும் சடையிலும் அப்படியே இருந்தது. தெக்லா எழுந்து வந்து அவர் முன்னால் நின்றாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்கத்தான் வந்தாள். முன்னறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கான்ஸ்டபிள் நினைவுக்கு வந்தான். தன் முகத்தில் ஒரு பொய் அரைநாழிகை தங்காது என்பதும், தான் நிஜமாகவே மண்ணை வாரி எறிந்ததைப் பார்த்துத்தான் அந்தக் கதவு அவருக்குத் திறந்தது என்பதும் நின்ற நிலையிலேயே அவளுக்குப் புரிந்தது.

அவர் அவளைப் பார்த்து வாயைத் திறந்தார். தெக்லா என்றுதான் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தார், காற்று மட்டும் வந்தது. கையால் தொண்டையைத் தொட்டுக் காட்டி, என்னவோ விளக்கப் பார்த்தார்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையால் அவர் நெற்றி மண்ணைத் துடைத்தாள்.

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றாள். "கேட்டுட்டேங்க."